உதறாமல்

எட்டு நாளைக்கொருமுறை வரும் ஆற்றுத் தண்ணீர்
இன்றைக்கு வந்த நேரம் பார்த்து
கொழுந்தனாரும் வந்து நிற்கிறார்
உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்த பையோடு.
இரட்டை முடிச்சு.

"ஆப்பரேசன் பண்ணுன எடத்துல சீழ் வெச்சிருச்சுங்க நங்கை.
நர்சம்மா தனியாத் தொவைக்கச் சொன்னாங்க.
உதறக் கூடாதாமா."

தரையைப் பார்த்தே சொன்னார்.
கோகிலாமணி என்ற பேரை
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
மூன்று வருசம்.
திருப்பூர் லைன் வீடு,
நாலு குடித்தனத்துக்கும் ஒரே கொடிக்கம்பி.
நோம்பி நாளில் என் மகனின் யூனிபாரத்தை
ஓரத்துக்குத் தள்ளிவிட்டு
நடுக்கம்பியில் அவள் சேலையை விரித்ததில் ஆரம்பித்தது.
எதில் முடிந்தது என்று இப்போது சொன்னால்
எனக்கே சிரிப்பு வரும்.
அன்றைக்கு வரவில்லை.

மெடிக்கலில் வாங்கிய கையுறை.
பொடக்காலியில் சும்மா கிடந்த பெயிண்ட் வாளி.
எங்கள் துணி ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லை.
பையை வாளிக்குள் வைத்தே அவிழ்த்தேன்.

பனியன் கம்பெனியில் நான் செக்கிங்.
ஷிப்டுக்கு எண்ணூறு பீஸ்.
எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, துருப்புள்ளி,
கண்ணில் பட்ட இடத்தில்
சிவப்பு அம்புக்குறி ஒட்டி அக்கட்டால தள்ளிவிடுவேன்.
அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு
வீட்டுக்கு வரத் தெரியவில்லை.
இது ரத்தம், காய்ந்து இரண்டு நாள்.
இது சீழ்.
இது இளநீர், கை நடுங்கியிருக்கிறது.
கழுத்துப் பட்டியில் மட்டும் கறை இல்லை.
எச்சில் உலர்ந்த சுருக்கம்,
பல் பதிந்த வரிசை.
வார்டில் மற்றவர்கள் தூங்கும்போது
கத்தாமல் இருக்கக் கடித்திருக்கிறாள்.
இதில் எங்கே ஒட்டுவது
அம்புக்குறியை?

ரத்தத்துக்கு முதலில் பச்சைத் தண்ணீர்.
எடுத்ததும் சூடு காட்டினால் கறை
நூலிலேயே குடியேறிவிடும்.
சாயப்பட்டறையில் வளர்ந்தவளுக்கு
இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.
அது விட்ட பிறகுதான் அண்டாவில் காய்ச்சியது,
கை பொறுக்காத சூட்டில்,
சோப்புத்தூள் போட்டு, கட்டையால் அமுக்கி.
சப்பைத் தண்ணீரில் நுரை எழும்பாது.
குடிக்கப் பிடித்ததில் நாலு குடம் போனது.
வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.
வாய் திறக்கவில்லை. நல்லது.

நன்றாக அலசிவிட்டு, மறுபடி பச்சைத் தண்ணீர்,
மூடியில் அளந்து ப்ளீச்சிங், அரை மணி நேரம்.
பக்கத்திலிருந்த பாத்ரூம் ஆசிடை
முதலில் மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தேன்.
இரண்டும் கலந்தால் மூச்சை அடைத்துவிடும்.
இந்த லைனில்
மூச்சை அடைத்துக்கொண்டு இருந்தது போதும்.

நைட்டியின் ஊதாப்பூ கொஞ்சம் வெளுத்தது.
வெளுக்கட்டும்.

வாளியைத் தேய்த்துக் கழுவி
கையுறையைச் சுருட்டிக் கட்டிப் போட்டு
முழங்கை வரை இரண்டு தரம் சோப்புப் போட்டு
கொடிக்கம்பிக்கு வந்தேன்.
நடுவில் என் துணிகள்.
பதினோரு மணி வெயில் நடுவில்தான் விழும்.
ஓரத்துக்குத் தள்ளினேன்,
என் கையாலேயே.

சாயங்காலம் இஸ்திரி போட்டு
புதுப் பையில் கொடுத்தனுப்பினேன்.
மறுநாள் கொழுந்தனார் அடுத்த பையோடு,
சொல்லலாமா வேண்டாமா என்ற முகத்தோடு.
"என்னங்க?"
"ஒண்ணுமில்லீங்க... பூவெல்லாம் வெளுத்துப் போச்சாமா.
போன மாசம் எடுத்த நைட்டியாமா.
கண்ணு தெரியலையான்னு
உங்களக் கேக்கச் சொன்னா."

மூன்று வருசத்தில் எனக்கென்று
அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல்.

"எந்திரிச்சு வரச் சொல்லுங்க.
நேர்ல நின்னு சண்டை போடட்டும்" என்றேன்.

பையை வாங்கி
வாளிக்குள் வைத்து
முடிச்சை அவிழ்த்தேன்.